சாந்தாமணியின் கைச்சீர்

நாச்சிவலசு நாற்சந்தியில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் மதியச் சாப்பாட்டுக்குப் போன பிறகும் அவர் நீட்டிய கை அங்கேயே நின்றுகொண்டிருந்ததை முதலில் அறிந்தது ஒரு மினி பஸ். கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆனால் பஸ்ஸின் முகப்பு எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து காற்றைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு முழங்கையும், விறைத்த மணிக்கட்டும், விரித்த விரல்களும், ஆவியிலிருந்து அப்போதுதான் எடுத்த இட்டிலியின் வெம்மையோடும் இளக்கத்தோடும் இருந்தன. "ஏட்டய்யா கைதானுங் இது, மோதரங்கூடத் தட்டுப்படுது," என்று அவர் அறிவித்தார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து தொட்டுப் பார்த்து, அவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, பஸ் தாமதமாவதைக் கடிந்துகொண்டு மறுபடியும் ஏறி அமர்ந்தார்கள். ஏட்டய்யா பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்து, தம் கையைத் தாமே ஒதுக்கித் தள்ளிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

அன்று முதல் அவ்வூரில் மனிதர்கள் செய்த அசைவுகள், அவர்கள் அகன்ற பின்பும் காற்றில் தங்கின. ஏன் தங்கின என்று ஆராய வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. அக்குழுவினர் தலையசைத்த அசைவுகள் சத்திரத்துக் கூடத்தில் சில நாள் நின்றன, அவ்வளவே. ஊருக்குக் காரணம் தேவைப்படவில்லை, முறைதான் தேவைப்பட்டது. முறையையும் ஊர் விரைவில் கற்றுக்கொண்டது. ஆள் முழுதாக அங்கே இருந்து செய்த அசைவு தங்கியது. ஆள் எங்கோ இருக்க உடம்பு மட்டும் செய்துவிட்டுப் போனது, புகைபோலக் கலைந்தது. தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளர் மேசையைக் குத்திக் காட்டிய ஆவேசமெல்லாம் அவர் கார் ஏறுவதற்குள் காணாமற்போயிற்று, அதே மேடையில் மைக் செட்காரர் தம் தலையைச் சுகமாகச் சொறிந்துகொண்டது வாக்கு எண்ணிக்கை முடியும்வரை நின்றது. அம்மன் கோயில் சன்னதியின் முன்னே கும்பிட்ட கைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட, பூசாரி தீபத்தட்டோடு கதிர் முற்றிய வயலில் நடப்பவரைப் போல விலக்கிக்கொண்டு வந்தார். அறங்காவலர் தலைவரின் கை மட்டும் ஒருநாளும் அங்கே நின்றதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எவரும் பேசவில்லை. ஓடைத்தெருவில் ஒருவன் மனைவிமேல் ஓங்கிய கை முன்னறையின் நடுவே நின்றுவிட, அவள் அதைக் கலைக்காமல் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காப்பிக்கு அழைத்து ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அது தானாகக் கரையும்வரை அவன் பின்வாசல் வழியாகவே வீட்டுக்கு வந்து போனான். பேரூராட்சி, பேருந்து நிலையத்தில் சேரும் அசைவுகளை விடியற்காலையில் வேப்பங்குழையால் வீசிக் கலைப்பதற்கு ஆள் வைத்தது. ஆறு மாதத்திற்குள், நின்ற கைகளில் துண்டு காயப்போடாத வீடு நாச்சிவலசில் இல்லை.

சாந்தாமணிக்கு மட்டும் எதுவும் நிற்கவில்லை.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை செய்தாள். தைத்து வரும் பனியனை விரித்து, புரட்டி, தையலை இழுத்து, குழல்விளக்கின் கீழ் தூக்கிப் பார்த்து, நல்லதை வலப்பக்கக் கூடையிலும் பழுதானதை இடப்பக்கக் கூடையிலும் எறிவது வேலை. மற்றப் பெண்களின் மேசைகளுக்கு மேலே அவரவர் கைகள் முட்புதரைப் போல அடர்ந்துபோய், வேலை தொடர முடியாமல், அவர்கள் அடிக்கொருதரம் அட்டையால் விசிறிக் கலைக்க வேண்டியிருந்தது. அந்தக் கைகளில் வலுவான ஒன்றைக் கலைக்காமல் விட்டு அதில் தத்தம் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொள்வதும் அவர்களுக்கு வழக்கமாயிற்று. சாந்தாமணியின் மேசைக்கு மேலே வெறும் காற்றுதான் இருந்தது. மேற்பார்வையாளர் கனகராஜ் இதைப் பெரிதும் மெச்சினார். "சாந்தாமணியக்கா மேசையைப் பாருங்க, தொடச்சு வெச்சாப்புல இருக்குது. நீங்களும் இருக்கறீங்களே," என்று மற்றவர்களைக் குத்திக்காட்டினார். சாந்தாமணி அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். மாட்ட இடமில்லாமல் தரையில் வைத்த அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் மட்டும் எறும்பு ஏறியது. அவள் எறும்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டிலோ அவள் கணவன் சென்னியப்பன் போகுமிடமெல்லாம் நின்றான். லாரி புக்கிங் ஆபீசில் எடுபிடி வேலை பார்த்த அந்த மனிதனுக்கு உலகில் எதிலும் அவசரமில்லை. அவன் கதவு நிலையில் முதுகு தேய்த்துக்கொண்ட சுகம் நிலையிலேயே நின்றது, வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட கை குளியலறையில் நின்றது, டிவி முன்னால் கால்மேல் கால் போட்டது நாற்காலியை விட்டு நகரவே மறுத்தது. அவற்றிலெல்லாம் இடித்துக்கொண்டும் நெளிந்துகொண்டும் சாந்தாமணி சமைத்தாள், பெருக்கினாள், ஓடினாள். அடுப்படியில் நிற்கும்போது அவள் கம்பெனியில் இருந்தாள். கம்பெனியில் நிற்கும்போது அடுப்படியில் இருந்தாள். பஸ்ஸில் போகும்போது இரண்டிலும் இருந்தாள். அவள் உடம்பு மட்டும், எசமான் ஊருக்குப் போய்விட்ட வீட்டில் வேலையாள் வேலை செய்வதுபோல, ஒழுங்காகத் தன் காரியங்களைச் செய்துகொண்டிருந்தது.

இதனால் ஒரு குறையும் வந்திருக்காது, கைச்சீர் என்ற ஒன்று வராதிருந்தால்.

கல்யாணத்தில் சீர் வைப்பதற்குக் காரணம் கிடைத்தால் விடாத சனம் அது. தங்கும் அசைவுகள் வந்து ஓராண்டு ஆவதற்குள் அவற்றையும் ஒரு சீராக்கிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெண்ணின் தாயை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைப்பார்கள். அவள் உள்ளறையில் கிழக்கே பார்த்து நின்று, மகள் தலையில் கை வைப்பதுபோல ஓர் ஆசீர்வாதத்தைக் காற்றில் வைத்துவிட்டு வரவேண்டும். அதன்மேல் மஞ்சள், வெற்றிலை, தேங்காய் இட்ட ஒரு மஞ்சள் பையைச் சம்பந்தியம்மாள் மாட்டுவாள். பை நின்றால் சீர் நிறைந்தது. பிற்பாடு புது இடத்தில் பெண்ணுக்கு மனம் சோர்ந்தால், அந்தக் கையின் கீழே போய்ச் சற்று நின்றுவிட்டு வரலாம். இதை ஏற்படுத்தியவர்கள் இன்னாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏற்பட்ட அடுத்த மாதமே, அது காலங்காலமாக இருந்து வருவதுபோல எல்லோரும் பேசினார்கள்.

சாந்தாமணியின் மகள் தாரணிக்கு, கள்ளிமேட்டுத் தோட்டத்தில் இடம் அமைந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை கோழிப்பண்ணை வைத்திருந்தான். அவன் தாய் பழனாத்தாள், நிச்சயத்தன்று விடைபெறும்போது, "கைச்சீருக்கு நேரமே வந்துருங்கம்மிணி, ஒறம்பரை சனமெல்லாம் வருவாங்க," என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். சாந்தாமணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலும் நிற்கவில்லை.

அன்று மாலை தாரணி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா, நீ என்ன பண்ணப் போற?"

"என்னத்தப் பண்றது? போயிக் கையக் காட்டிப்போட்டு வரவேண்டியதுதான்."

"நின்னாத்தான?"

"ஏன் நிக்காது? இத்தன வருசம் உனக்குச் சோறாக்கிப் போட்ட கையிடி இது."

தாரணி உள்ளே வந்தாள். அடுப்புக்கு மேலே, தாளிக்கும் கை நிற்க வேண்டிய இடத்தில் காற்றைத் துழாவினாள். அம்மிப் பக்கம் துழாவினாள். தலை வாரிவிட்ட கண்ணாடி முன்னால் போய்த் துழாவினாள். வழியில் அவள் தகப்பனின் கொட்டாவி ஒன்றுதான் கையில் பட்டது.

"எங்கீம்மா? காணோமே," என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் சாந்தாமணியைக் கலக்கியது. "பவித்ராவுக்கு அவங்கம்மா கையி இருக்குது. கீர்த்தனாவுக்கு இருக்குது, அவ புருசன் ஊட்டுல சண்டையின்னா அங்க போயி நின்னுக்குவாளாம். நா அங்க எதப் புடிச்சுட்டு நிக்கிறது?"

சாந்தாமணி சாதத்தை வடித்தாள். கஞ்சி கையில் தெறித்தது. தெறித்ததைக்கூட, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவள் அறிந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் ஆசீர்வாதம் பழகினாள். கண்ணாடி முன்னால் நின்று, தெய்வப் படங்களில் உள்ளதுபோல விரல்களைச் சேர்த்து, கையை நீட்டி, மகளை நினைத்து, கண்ணீர்கூட வரவழைத்து வைத்தாள். திரும்பி வந்து துழாவினால் காற்றுதான். மண்டபத்தில் ஒருவர் இலவசமாக நடத்திய யோகா வகுப்புக்குப் போனாள். அவர் எல்லோரையும் மல்லாக்கப் படுக்க வைத்து மனத்தை எங்கும் நிறுத்தாமல் விடச் சொன்னார். அது சாந்தாமணிக்கு முதல் நாளே கைவந்தது, அவள் தூங்கிவிட்டாள். "உங்களுக்கு இது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது," என்று அவர் வியந்து பாராட்டினார். அவள் அதோடு நின்றுகொண்டாள்.

கடைசியில் அவளைப் பிடித்து இழுத்துப்போனது கம்பெனியில் பக்கத்து மேசையிலிருந்த சரோஜினிதான். அப்போது ஊரில் வள்ளி கும்மி பழகாத பெண் குறைவு. மாலையானால் மாரியம்மன் கோயில் திடலில் ஒலிபெருக்கி பாட, கிழவிகளும் குமரிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வட்டமாக நின்று, தினைப்புனம் காத்த வள்ளியின் கதைக்குக் காலெடுத்து, குனிந்து, நிமிர்ந்து, கை தட்டிச் சுழன்றார்கள். அரங்கேற்றத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுப்பது பற்றிய தகராறும் கூடவே சுழன்றது. பழக்கிவிட்டவள் நவமணி, முப்பது வயதுக்காரி, பகலெல்லாம் மாட்டுத்தீவனம் ஏற்றிய பிக்கப் வண்டியை ஓட்டுபவள். அவளுக்குத் தொண்டை ஒலிபெருக்கியைவிடப் பெரிது; தன் தாய் வயதுப் பெண்களையும் கொஞ்சமும் தயங்காமல் விரட்டினாள்.

ஆட்டம் கலைந்த பின்பும் கும்மி திடலிலேயே நிற்கும். குனிந்த முதுகுகளும் தட்டிய கைகளும் வீசிய கால்களும் ஒரு வட்ட வேலியைப் போல மறுநாள்வரை நிற்க, காலையில் பிள்ளைகள் அதற்குள் புகுந்து புகுந்து ஓடி விளையாடுவார்கள். சாந்தாமணி சேர்ந்த மறுநாள் முதல் அந்த வேலியில் ஒரு சந்து விழுந்தது. ஆடுகள் சரியாக அந்த இடத்தின் வழியாகத்தான் உள்ளே போயின. அவள் அடியெல்லாம் பிசகாமல் ஆடியும், செக்கிங் மேசைப் பழக்கத்தால் மற்றவர்களைவிட வேகமாகக் கை தட்டியும், சந்து அடைபடவில்லை.

"ஏனுங் நவமணி, நா எங்க தப்புப் பண்றன்?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

"தப்பே இல்லீங்க்கா. உங்க கையி வந்துருச்சு, காலு வந்துருச்சு. நீங்கதா இன்னும் வந்து சேரலீங்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாந்தாமணிக்குச் சுருக்கென்றது.

"சும்மா சொல்லலீங்க்கா. கண்ண மூடுங். இப்ப உங்க எடது குதிகால் எங்கீங் இருக்குது?"

"தரையிலதான்."

"தரையில எங்கீங்? மண்ணு மேலயா, கல்லு மேலயா?"

சாந்தாமணி கண்ணைத் திறந்து கீழே பார்க்கப் போனாள்.

"பாக்காமச் சொல்லோணுங். உங்க குதிகாலுதான, என்ற குதிகாலா?"

அவளால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. காலின் கீழே ஏதோ இருந்தது, கால் என்றும் ஏதோ இருந்தது, ஆனால் இரண்டிலிருந்தும் அவளுக்குச் செய்தி வந்து நாளாயிற்று.

பிறகு நவமணி கிளி விரட்டும் அடியைப் பழக்கினாள். வள்ளி பரண்மேல் நின்று தினையைத் தின்ன வரும் கிளிகளை விரட்ட வேண்டும். "இல்லாத கிளிய எப்புடி வெரட்டறது?" என்று சாந்தாமணி கேட்டாள். "அட, உங்க சோத்துப் பையில ஏர்ற எறும்ப வெரட்டற மாதிரி வெரட்டாதீங்க்கா. கெளம்பி வருதுங் பாருங்க கூட்டமா. உங்க தெனைங், உங்க காடுங், நீங்க வெதைச்சதுங். ஒடம்போட வெரட்டுங்," என்றாள் நவமணி. எறும்புச் செய்தி இவள்வரை எட்டியதற்காகச் சரோஜினியை முறைத்தபடியே சாந்தாமணி கையை வீசினாள். கிளி எதுவும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

இப்படியே நாள்கள் போயின. ஒரு மாலை, பாட்டின் நடுவே, எல்லோரும் குனிந்து முழங்காலின் கீழே தட்டி நிமிரும் இடத்தில், சாந்தாமணி திடீரென்று தன் தோள்களைக் கண்டாள். அவை காதுகளின் பக்கத்தில் இருந்தன. அங்கே அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. கம்பெனியில் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளர் பின்னால் வந்து நிற்பார் என்று தூக்கிய தோள்கள். பிறகு இறக்க மறந்து, தூக்கியபடியே அவள் கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். ஆட்டத்தை விட்டு அவள் நின்றாள். தலைச்சுமையை இறக்கும் கவனத்தோடு, வலத்தோளை முதலிலும் இடத்தோளை அடுத்தும், மெல்ல இறக்கினாள்.

பின்னால் வந்த சரோஜினி எதிலோ மோதினாள். "ஏனுங், இங்க என்னமோ நிக்குதுங்."

பாட்டு நின்றது. பெண்கள் வரிசையாக வந்து தொட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சரிவு, வெதுவெதுப்பாக, முலாம்பழத்தின் முதுகைப் போல இருந்தது. அது இரண்டு தோள்களின் இறக்கம், வேறொன்றுமில்லை. மறுநாள் ஆடுகள் வருவதற்குள் கரைந்தும் போயிற்று. ஆனாலும் நவமணி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் தன் செலவில் கம்பங்கூழ் வாங்கிக் கொடுத்தாள்.

அதன் பிறகு சாந்தாமணிக்குத் தன் உடம்பைக் கண்டெடுப்பது ஒரு வேலையாயிற்று. பஸ் கம்பியைப் பிடித்து நிற்கையில் ஓர் இடுப்பு இருப்பதைக் கண்டாள், அது எப்போதும் வலப்பக்கமே சாய்ந்திருந்தது. பாத்திரம் கழுவுகையில் முழங்கால்களைக் கண்டாள், பூட்டிவைத்த கதவுகளைப் போல விறைத்து நின்றவற்றைச் சற்றே திறந்துவிட்டாள். குளிக்கையில், முதுகு என்பது சேலை மூடும் இடம் மட்டுமன்று என்று அறிந்தாள். ஒரு காலை, சமையலறைத் தொட்டியின் பக்கம் வந்த சென்னியப்பன் தடுக்கி நின்றான்.

"இங்க என்னமோ முட்டுதே."

"அது நாந்தானுங்," என்றாள் சாந்தாமணி.

அவன் நம்பாமல் மறுபடி தடவினான். அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றி நின்ற இடுப்பு அங்கே இருந்தது. அவன் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தான். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவன் சுற்றிக்கொண்டு போனது அதுவே முதல் தடவை.

ஆனால் கைகள் வரவில்லை. தோளும் இடுப்பும் குதிகாலும் அவளுடையவை ஆகிவிட்டன. கைகள் மட்டும் கம்பெனியினுடையவையாகவே இருந்தன. ஆசீர்வாதம் வைக்க நீட்டியவுடன் அவை தையலை இழுத்துப் பார்க்கும் விரல்களாக மாறி, மகளின் தலைக்குப் பதிலாக ஒரு பழுதைத் தேடின. கைச்சீர் நாளும் வந்துவிட்டது.

கள்ளிமேட்டுத் தோட்டத்து வீட்டில் உறவுப் பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையில் சாந்தாமணி கிழக்கே பார்த்து நின்றாள். தாரணி வரக்கூடாது என்பது முறை. அவள் இங்கே இல்லாதது நல்லதுதான் என்று சாந்தாமணி நினைத்தாள். கையை நீட்டினாள். பழகியபடியே வைத்தாள், எடுத்தாள். பழனாத்தாள் மஞ்சள் பையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டிக் கையை விட்டாள்.

பை தரையில் விழுந்தது. மஞ்சள் கிழங்குகள் கட்டிலுக்கடியில் உருண்டோடின.

"மறுக்கா வையுங்கம்மிணி," என்றாள் பழனாத்தாள்.

மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை தேங்காய் உடைந்தது. கூடத்தில் பேச்சு அடங்கி, ஒரு குரல் மட்டும் அடங்கத் தெரியாமல் மிஞ்சியது. பழனாத்தாளின் நாத்தனார் குரல் அது: "மனசில்லாத கையில எப்புடி நிக்கும்? பெத்தவளுக்கே இப்புடின்னா..."

பழனாத்தாள் அதைக் காதில் வாங்காததுபோல், "வெய்யலுங்கம்மிணி, நேரமே கெளம்பி வந்திருப்பீங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் பாக்கலாமுங்," என்றாள். மரியாதைதான். ஆனால் காப்பிக்குப் பிறகும் விழுந்தால் என்ன சொல்வாள் என்பதும் அந்த மரியாதைக்குள் இருந்தது.

சாந்தாமணி பின்பக்கம் வந்தாள். சமையலறையையும் தொழுவத்தையும் இணைக்கும் நடையில், அகன்ற நிலைவாசலின் கீழே நின்றாள். எதிரே எருமை ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தென்னந்தோப்புக் காற்று வந்தது. மகளிடம் போய் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியவள், யோசிப்பதற்கு முன்னால், இப்போது பழகிப்போன வழக்கப்படி, தன் இடது குதிகால் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். சிமெண்டுத் தரையில், ஒரு சிறு வெடிப்பின் மேல் இருந்தது. கெண்டைக்கால் கல்லாக இருந்தது. இடுப்பு, விடியுமுன் எழுந்து பலகாரம் கட்டியதைச் சொன்னது. முதுகு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைச் சொன்னது. கழுத்து, விழுந்த தேங்காயைப் பார்க்காமல் பார்த்ததைச் சொன்னது. எல்லாம் ஒன்றுகூடி அவளிடம் ஒன்றை விண்ணப்பித்தன.

சம்பந்தி வீட்டில் சுவரில் சாயக்கூட மாட்டாள் நாச்சிவலசுப் பெண். அதை அவள் அறிவாள். அறிந்துகொண்டே, குதிகாலைத் தூக்கி விரல்களில் ஊன்றினாள், கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும், கிணற்றில் தண்ணீர் ஏறுவதுபோல ஏதோ ஏறி வர, மார்பு விரிந்து, தோள்கள் திறந்து, கைகள், ஒருநாளும் தோளுக்கு மேலே தமக்காக உயர்ந்திராத அந்தக் கைகள், தாமாகவே மேலே போய், நிலையின் உச்சியைத் தாண்டி, விரல்களை ஒவ்வொன்றாக மலர்த்தி, எந்தத் தையலையும் தேடாமல், வெறுமனே நீண்டுகொண்டே போயின, வாய் ஒரு பெரிய கொட்டாவிக்குத் திறந்தது, எலும்புகள் கொறுக்கென்றன, அவள் அவ்வளவு நீளமானவள் என்பதை அப்போதுதான் அறிந்தாள். பிறகு சுகமாக ஒரு மூச்சை விட்டு, கைகளை இறக்கி, ஒதுங்கி நின்று, எருமையைப் பார்த்தாள். எருமை அவளைப் பார்த்தது.

"காப்பிங்கம்மிணி," என்று சொல்லிக்கொண்டே உள்ளிருந்து வந்த பழனாத்தாள் நிலைவாசலில் மோதினாள்.

டம்ளர் சாய்ந்து காப்பி கொட்டியது. பழனாத்தாள் முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல், காற்றில் நின்றிருந்த அந்த உடம்புக்குள் நேராகப் பொருந்திவிட்டாள். அது அவள் குதிகால்களை மெல்லத் தூக்கியது. முதுகை நிமிர்த்தியது. பிறகு அவள் கைகளை, டம்ளரோடு, மேலே மேலே கொண்டுபோயிற்று. அவள் எலும்புகளும் வரிசையாகக் கொறுக்கென்றன. அவள் வாயும் திறந்தது. கொட்டாவி நெடுநேரம் வந்தது. சத்தம் கேட்டு நடைக்கு வந்த உறவுப் பெண்கள், அந்த வீட்டின் தலைவி கைகளை வானத்துக்கு உயர்த்தி நுனிக்காலில் நிற்பதைப் பார்த்தார்கள்.

"இது யாரு வுட்டது?" என்றாள் பழனாத்தாள், இறங்கி வந்து.

சாந்தாமணி முந்தானையைக் கையில் எடுத்தாள். "நாந்தானுங். தெரியாம... ஒடம்பு கேட்டுப்போட்டுது. இப்பக் கலைச்சுடறனுங்." முந்தானையால் வீசினாள். கலையவில்லை. சுவரில் சாத்தியிருந்த முறத்தை எடுத்து விசிறினாள். அது அசையவில்லை, நிலையோடு நிலையாக நின்றது.

"முறத்தக் கீழ வையுங்கம்மிணி," என்றாள் பழனாத்தாள். அவள் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். "நா இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இந்தக் கைய இத்தன ஒசரத்துக்குத் தூக்குனதே இல்லீங். மாமியா பாப்பா, மாமன் பாப்பாரு, பொறகு மருமக வரப்போறா, அவ பாப்பா."

நாத்தனார் முன்னால் வந்தாள். "அண்ணி, கைச்சீருன்னா ஆசீர்வாதம். இது சோம்பலு முறிக்கறது. சனங் கேட்டாச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ போயி முக்காலிய எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"பைய மாட்ட. எட்டலியே."

முக்காலியில் ஏறி, பழனாத்தாள் அந்த உயர்ந்த கையின் விரல்களைத் தேடிப் பிடித்து, மஞ்சள் பையை மாட்டினாள். உடைந்த தேங்காயும் அதில் இருந்தது. பை நின்றது. நாத்தனார் சந்தேகம் தீராமல் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஆட்டினாள், கடைசியில் அதில் தொங்கியே பார்த்தாள். அப்படித் தொங்கியதில் அவளுடைய நெடுநாள் முதுகுப்பிடிப்பு விட்டுப்போயிற்று.

கல்யாணம் நடந்தது. சென்னியப்பன் பந்தியில் இலைக்கு முன்னால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டது மண்டபத்தில் நெடுநாள் நின்றதாகச் சொல்கிறார்கள். கும்மி அரங்கேற்றமும் நடந்தது, ஒரே நிறச் சேலையில். மறுநாள் காலை ஆடுகள் திடலைச் சுற்றிச் சுற்றி வந்து, வழி கிடைக்காமல் திரும்பிப் போயின.

ஆடி அழைப்புக்குச் சில நாள் முன்னால், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் தாரணி போனில் கூப்பிட்டாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது.

"ஏம்மா, நீ வெச்ச கையில எனக்கு எடமே கெடைக்கறதில்லம்மா. காலையில அத்த நிக்கறாங்க. பொறகு பண்ணை ஆளுங்க வந்து நிக்கறாங்க. மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க. இப்பப் போயிப் பாத்தா மாமாவே நிக்கறாரு, மீசையெல்லாம் மேல போயி. நா வெளக்குமாத்தோட வரிசையில நிக்கறேன்."

"புடிச்சுட்டு நிக்க ஒண்ணுமில்லையின்னியே."

"அதுக்கு? ஊருக்கே வெச்சுட்டுப் போவியா? இரு, மாமா எறங்கறாரு." போனில் ஏதோ உரசியது. பிறகு வெகு தொலைவிலிருந்து, தாரணி கைப்பிள்ளையாகத் தொட்டிலில் கிடந்தபோது கேட்ட அதே கொட்டாவிச் சத்தம் வந்தது; அதன் கடைசியில் எலும்புகள் மெல்லக் கொறுக்கென்றன. சாந்தாமணி அது முடியும்வரை போனைக் காதில் வைத்திருந்தாள்.

"சாந்தாமணியக்கா," என்றார் பின்னால் வந்து நின்ற கனகராஜ். "உங்க மேசையில இப்பக் கைய நுழைக்க முடியறதில்லீங். அட்டையெடுத்துக் கொஞ்சம் விசிறி வுடக்கூடாதுங்ளா?"

"சாப்புட்டுப்போட்டு விசிறறனுங்," என்றாள் அவள். தோள் காதுக்கு ஏறவில்லை. எழுந்து, காலையில் ஒரு நல்ல பனியனை விளக்கின் கீழ் தூக்கிப் பார்த்தபோது நின்றுபோன தன் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தாள். திறந்து பார்த்தாள். ஓர் எறும்புகூட இல்லை.